கிரயத் தொகையும் கை ரொக்கமும்: நெய்வேலியில் மனைத் தொழில்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, "ரியல் எஸ்டேட்டைப் பற்றி அறக்கட்டளைச் சொற்பொழிவா?" என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. கம்பனையும் வள்ளலாரையும் கேட்டுப் பழகிய மேடை இது. ஆனால், வீடு விற்பனைக்கே இல்லாத ஓர் ஊரில் நின்று வீடு விற்கும் தொழிலைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. நெய்வேலி நகரியத்துக்குள் எந்த வட்டத்திலும் எந்தத் தெருவிலும் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலத்தைக் கிரயம் செய்துகொடுக்க முடியாது. அத்தனையும் இங்கே பழுப்பு நிலக்கரி வெட்டும் பொதுத்துறை நிறுவனத்தின் நிலம். ஆர்ச் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையைக் கடந்தால் இந்திரா நகர், வடக்குத்து. அங்கே மின்கம்பம் தவறாமல் மனை விளம்பரம். சாலைக்கு இந்தப் பக்கம் நிலத்துக்கு விலையே இல்லை. அந்தப் பக்கம் நிலத்துக்கு விலையைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பொருளாதாரம் படித்ததில்லை, பத்திரங்கள் படித்திருக்கிறேன். அந்தப் படிப்பை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் மனைத் தொழில் வளர்ந்த காலத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பத்தாண்டில் உலகின் பல நகரங்கள் வீங்கின. நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டு விழுந்ததும் சென்னைவாசிகள் கூட்டம் கூட்டமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ரயிலேறினார்கள். வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுப் போனவர்களும் உண்டு. சில ஆண்டுகளிலேயே காற்று திசை மாறிவிட்டது. 1941 கணக்கெடுப்பில் 7.77 லட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1951இல் 14.16 லட்சம். இடையில் நகர எல்லை விரிந்ததும் இந்தக் கணக்கில் அடக்கம். ஆனாலும் பர்மாவிலிருந்து நடந்தும் கப்பலிலும் வந்தவர்கள், போர்க்கால அலுவலகங்களில் வேலை கிடைத்து வந்து தங்கிவிட்டவர்கள் என்று எல்லாருக்கும் ஒரு கூரை தேவைப்பட்டது. அரசாங்கம் 1946இலும் 1949இலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. வாடகை சட்டப்படி நின்றது; சாவி கைமாறத் தனியாக ஒரு தொகை கேட்கும் வழக்கம் வளர்ந்தது. அதுவரை வீட்டுத் தரகர் என்றால் கல்யாணத் தரகருக்கு ஒரு படி கீழே, மாட்டுத் தரகருக்கு ஒரு படி மேலே. போருக்குப் பிறகும் அவருக்கென்று அலுவலகம் வந்துவிடவில்லை. ஆனால் காபி ஹோட்டலில் ஒரு நிரந்தர மேசை கிடைத்தது.

அந்தத் தரகரைச் சுற்றிக்கொண்டு போக மக்கள் ஒரு வழி கண்டார்கள். அரசு ஒரு வழி கண்டது. மக்கள் கண்டது கூட்டுறவு. அடையாற்றில் காந்தி நகர் அப்படிப் பிறந்தது. சங்கம் மொத்தமாக நிலம் வாங்கி, மனை பிரித்து, உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. அரசு கண்டது நகர மேம்பாட்டு டிரஸ்ட்; 1961இல் அது வீட்டு வசதி வாரியமானது. இந்த இரண்டுமே சென்னைக்குள் தரகரை ஒழிக்கவில்லை. அசோக் நகரிலும் அண்ணா நகரிலும் ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து அடுத்தவருக்கு மனை கைமாறும்போது நடுவில் நின்றவர் அவர்தான்.

அமெரிக்காவில் என்ன நடந்தது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1947இல் நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில், லெவிட் குடும்பம் வீடு கட்டத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஒரே அச்சில் வார்த்த 17,000 வீடுகளுக்கு மேல் எழுந்தன. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கு அரசு உத்தரவாதத்தில் கடன். முன்பணம் அநேகமாக இல்லை. லெவிட்டவுன் என்ற அந்த ஊரின் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக் கூடாது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. காகிதத்தில் இருந்த நிபந்தனை போனது. முகவர்கள் யாருக்கு எந்தத் தெருவைக் காட்டுவது என்று பேசாமல் வைத்துக்கொண்ட விதி அதற்குப் பிறகும் நெடுநாள் நின்றது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நெய்வேலியும் போருக்குப் பிந்தைய ஊர்தான். இங்கே நிலம் வைத்திருந்த ஜம்புலிங்க முதலியார் கிணறு வெட்டும்போது தண்ணீரோடு கறுப்புத் துகள் வந்த கதையை இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1943 முதல் 1946 வரை, போர் நடந்துகொண்டிருந்தபோதே தொடங்கி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இங்கே துளையிட்டுப் பார்த்தது. 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது.

இதே வரிசையை ஒரு நிலத் தரகரின் கண்ணால் பாருங்கள். அடியில் கரி இருப்பது 1940களிலேயே தெரிந்துவிட்டது. வேறெந்த நாட்டிலாவது, வேறெந்தத் தொழிலிலாவது, அந்தச் சேதி தெரிந்த பத்து வருடத்தில் இப்படியொரு மூலையில் நிலம் பத்துக் கை மாறியிருக்கும். இங்கே அப்படி நடக்கவில்லை, நடந்திருந்தாலும் பயனில்லை. வாங்கவிருந்தவர் சர்க்கார், கையில் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். 23ஆம் பிரிவு, நான்காம் பிரிவு அறிவிக்கை வெளியான நாளில் சந்தை விலை என்னவோ அதைக் கொடு என்கிறது. 24ஆம் பிரிவு, எடுத்த நிலத்தை என்ன காரியத்துக்குப் பயன்படுத்தப் போகிறார்களோ அதனால் விலை ஏறும் என்றால், அந்த ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காதே என்கிறது. கரிக்காக நிலம் எடுக்கிறார்கள்; விலை போடும்போது கரியை மறந்துவிட வேண்டும். மானாவாரிப் புஞ்சைக்கும் முந்திரிக் கொல்லைக்கும் என்ன விலையோ அதுதான் விலை. அதற்கு மேல், கட்டாயத்தின் பேரில் எடுப்பதற்காக, அப்போது 15 விழுக்காடு ஆறுதல் தொகை.

அந்தச் சந்தை விலையை எங்கிருந்து எடுத்தார்கள்? பத்திரத்திலிருந்து. அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான கிரயப் பத்திரங்களைப் பதிவு அலுவலகத்திலிருந்து வாங்கி, சர்வே எண்ணையும் தொகையையும் பட்டியல் போட்டு, அதில் ஒன்றை மாதிரியாக வைத்து விலை நிர்ணயித்தார்கள். இன்றைக்கும் அடிப்படை அதேதான். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, முத்திரைச் சட்டப்படியான மதிப்பையும், முந்தைய மூன்றாண்டுப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை எடுத்துப் போட்ட சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதைக் கொள்ளச் சொல்கிறது. ஆறுதல் தொகை நூறு விழுக்காடானது. கிராமப்புறத்துக்குப் பெருக்கல் காரணியும் வந்தது. ஆனால் பெருக்கப்படும் எண் பத்திரத்திலிருந்துதான் வருகிறது.

என் உரையின் மையம் இந்த இடம். அந்த எண்ணை எழுதியது யார்?

நிலம் விற்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: ஏக்கர் ஆறு லட்சத்துக்குப் பேசி முடிக்கிறார்கள். டோக்கன் அட்வான்ஸ் கைமாறுகிறது. பத்திரம் எழுதும்போது, "எவ்வளவு போடலாம்?" என்ற கேள்வி வருகிறது. விற்பவர் தரகரைப் பார்ப்பார். வாங்குபவரும் தரகரைப் பார்ப்பார். தரகர், "கைடுலைனுக்குப் போட்டுக்குவோம், எதுக்கு சார் கவர்மென்ட்டுக்கு தண்டம்" என்பார். அரசின் வழிகாட்டு மதிப்பான இரண்டு லட்சத்தை எழுதுவார்கள். மீதி கை ரொக்கம். முத்திரைத் தீர்வை ஒரு காலத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பின்னால் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து பதினொன்றாகவும், 2023 முதல் ஒன்பதாகவும் இருந்தது. அந்தத் தீர்வையில் மிச்சம் பிடித்துக் கொடுத்ததுதான் தரகர் தான் வாங்கிய கமிஷனுக்குச் சொன்ன நியாயம். குறைத்து எழுதியதாகச் சந்தேகம் வந்தால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின் கீழ் பத்திரத்தை மதிப்பு நிர்ணயத்துக்கு நாங்கள் அனுப்புவோம். ஆனால் வழிகாட்டு மதிப்புக்குச் சரியாக எழுதிய பத்திரத்தை நிறுத்தி வைக்க எந்தச் சார்பதிவாளரும் மெனக்கெட்டதில்லை.

இப்படி ஒரு கிராமத்தில் பத்திருபது வருடம் பத்திரம் எழுதுகிறார்கள். எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள். ஒருநாள் நில எடுப்பு அறிவிக்கை வருகிறது. அதிகாரி பட்டியல் எடுக்கிறார். ஏக்கர் இரண்டு லட்சம், இரண்டேகால், ஒன்றே முக்கால். அவர் பொய் சொல்லவில்லை. காகிதம் சொல்வதைச் சொல்கிறார். ஆறு லட்சத்துக்கு வாங்கியவர், "நான் கொடுத்தது ஆறு" என்று எந்த மன்றத்தில் சொல்வார்? சொன்னால் தீர்வை ஏய்ப்பு. சொல்லாவிட்டால் நிலம் போச்சு. அவரோடு போகட்டும் என்றால், மூன்று தலைமுறையாக ஒரு பத்திரமும் எழுதாமல் உழுதுகொண்டிருந்த பக்கத்துக் காணிக்காரருக்கும் அதே விலைதான். அவர் யாரையும் ஏய்க்கவில்லை. அவருடைய விலையை அவருக்குத் தெரியாமல் யாரோ எழுதிவிட்டார்கள்.

2017 ஜூனில் வழிகாட்டு மதிப்பை அரசு 33 விழுக்காடு குறைத்தபோது மனை வாங்குவோர் மகிழ்ந்தார்கள், தொழிலும் நிமிர்ந்தது. அந்த மதிப்புதான் 26ஆம் பிரிவில் ஓர் அளவுகோல் என்று அன்று சுரங்க எல்லையில் இருந்த விவசாயியிடம் எடுத்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

பத்திரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல ஆசை. இந்தப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களில், தொகை, நான்கெல்லை எல்லாம் எழுதிய பிறகு ஒரு நீண்ட வாய்பாடு வரும்: நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று தொடங்கி அஷ்டபோக பாத்தியங்கள் சகிதம் விற்றதாக முடியும். புதையல், பொதிந்து வைத்தது, நீர், மரம், கல் எல்லாம் வாங்கியவருக்கே. பத்திர எழுத்தர் மூச்சு விடாமல் எழுதுவார். எழுதிக் கொடுப்பவர் காதில் வாங்கமாட்டார். நெய்வேலி வட்டாரத்தில் அப்படி எத்தனையோ பத்திரங்களில் கிணற்று நீரும் பூமிக்கடியிலுள்ள கல்லும் குடிமகனுடையவை என்று எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் கல்லுக்கு யாரும் ஒரு ரூபாய் விலை போட்டதில்லை. 2013 ஜூலையில் மலபார் நிலங்களைப் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் வேறு விதமாகப் பறித்துக்கொண்டாலொழிய, நிலத்தடிக் கனிமமும் நில உடைமையைத் தொடர்ந்தே போகும் என்று சொன்னது. அதை அப்படியே தூக்கி இங்கே பொருத்த முடியாது. வழக்கறிஞர்கள் அடிக்க வருவார்கள். ஆனாலும் வாய்பாடு எழுதிய கை வெறுங்கையல்ல என்று எனக்கு ஒரு திருப்தி.

சரி, நகரியத்துக்கு வருவோம். எடுத்த நிலத்தில் ஒரு பகுதி சுரங்கமானது. ஒரு பகுதி ஊரானது. நேர்க்கோட்டுச் சாலைகள், எண்ணிட்ட வட்டங்கள், பதவிக்குத் தக்க டைப் வீடுகள், வீட்டுக்கு வீடு மாவும் பலாவும் வேம்பும். எடுக்கப்பட்ட கிராமங்களில் பலவற்றின் பெயர் ரெவின்யூ கணக்கோடு போயிற்று. வில்லுடையான்பட்டின் பெயர் மட்டும் முருகன் கோயிலோடு நகரியத்துக்குள் நின்றுவிட்டது. பங்குனி உத்திரத்தன்று அந்தப் பெயரைச் சொல்லாத வாய் நெய்வேலியில் இல்லை.

நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் இந்த ஊரில் சில விசேஷங்கள் நடந்தன. வீடு ஒதுக்கியது பதவியையும் சர்வீசையும் பார்த்து. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. உத்தரவுக் காகிதம் தேர்ந்தெடுத்தது. சுற்றியுள்ள கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். நகரியத்தில் அந்தக் கோடு இழுபடவில்லை. பதவி என்ற வேறொரு கோடு இழுபட்டது, மறுக்கவில்லை. ஆபீசர் வட்டத்து மாமரம் வேறு, தொழிலாளர் வட்டத்து மாமரம் வேறு. ஆனாலும் அந்தப் படிக்கட்டில் பதவி உயர்வு பெற்று ஏற முடிந்தது. பழைய கோட்டில் அது முடியாது.

லெவிட்டவுனை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது, முப்பத்தைந்து வருடம் ஒரே மரத்தின் காயைப் பறித்து ஊறுகாய் போட்ட குடும்பம் ஆர்ச் கேட்டுக்கு வெளியே மனை தேடுகிறது. முதல் தடவையாக ஒரு தரகரைப் பார்க்கிறது. அவர் முதலில் பட்ஜெட் கேட்பதில்லை. "சாருக்குச் சொந்த ஊர் எது?" என்பார். அடுத்து, "அங்க எந்தத் தெரு?" என்பார். இரண்டு கேள்வியில் அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். பிறகு ஒருவருக்கு ஒரு நகர், இன்னொருவருக்கு இன்னொரு நகர் காட்டுவார். எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத நிபந்தனை. முப்பது வருடம் உத்தரவுக் காகிதம் கலந்து வைத்ததை இரண்டு கேள்வி பிரித்து வைத்துவிடும். இந்தத் தொழிலின் மேல் எனக்குள்ள முதல் கோபம் இதுதான். கமிஷன் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆனால் கோபத்தோடு நிறுத்தினால் அந்த மனிதருக்கு நான் நியாயம் செய்யாதவனாவேன். அவருடைய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். முந்திரிக் கொல்லையை அடியோடு தள்ளி, செம்மண்ணைச் சமன் செய்து, வெள்ளையடித்த கல் நட்டிருப்பார்கள். நுழைவில் ஓர் அலங்கார வளைவு. வீடு ஒன்றும் இல்லை. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஃபிளெக்ஸில் லேஅவுட் படம். விற்ற மனைக்குச் சிவப்புப் பொட்டு. பொட்டுகளில் பாதி விற்பதற்கு முன்பே வைத்தவை. வேனில் வந்து இறங்குபவர்களுக்குச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், குலுக்கலில் ஒரு கிராம் தங்கக் காசும். இது புரோமோட்டரின் மேடை. ஓரமாக, டிவிஎஸ் மொபெட்டின் மேல் கைப்பையை வைத்துக்கொண்டு நிற்பவர்தான் நம்மவர். அந்தப் பைக்குள் இருப்பவை: சிட்டா நகல், புலப்படம், முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரத்தின் ஜெராக்ஸ். எந்த சர்வே எண்ணில் எந்த உட்பிரிவு யார் பாகத்துக்குப் போனது, எந்தச் சகோதரி இன்னும் விடுதலைப் பத்திரம் எழுதவில்லை, எந்தப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்ததோடு செத்துப்போனது, எந்தக் கிணற்றில் பாதிப் பங்கு யாருக்கு, இவ்வளவும் அவர் தலைக்குள் இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் மாற்றலில் போவார், நாங்கள் மாற்றலில் போவோம், அவர் போகமாட்டார். வீட்டில் சோறு வேக வேண்டுமே என்று மூன்று மாதத்துக்கு ஒரு கிரயத்தை முடித்து வைத்து, இரண்டு பக்கமும் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு பேசி, கடைசியில் ஒரு பக்கம் ஏமாற்றிவிட, மீதியை வாங்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வட்டாரத்தில் அவருக்கு இன்னொரு ஞானமும் வேண்டும். சுரங்கம் எந்தப் பக்கம் நகரும்? "அந்தப் பக்கம் வேண்டாம் சார், எடுத்துடுவான்" என்று எச்சரிப்பவரும் அவர்தான். எடுத்துக்கொண்டால் இழப்பீடு வரும் என்று அதே பக்கத்தில் விவசாயியிடம் மலிவாக வாங்கி வெளியூர்க்காரருக்குத் தள்ளுபவரும் அவர்தான். ஒரே வரைபடம், ஆளைப் பார்த்து விலை. உள்ளூர் விமானச் சேவைக்கான உடான் திட்டத்தில் நெய்வேலியின் பெயர் சேர்ந்த நாளிலிருந்து விமான நிலையமும் அந்த வரைபடத்தில் ஏறிக்கொண்டது.

நெடுநாள் இந்தத் தொழிலுக்குச் சட்டத்தில் பெயரே இருக்கவில்லை. பத்திர எழுத்தருக்கு உரிமம் உண்டு, சர்வேயருக்கு உண்டு, மதிப்பீட்டாளருக்கு உண்டு. தரகருக்கு இருந்ததில்லை. பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தை வைத்து 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று மனை விற்றார்கள். நகர ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பது வாங்கியவருக்கு வீடு கட்டும்போதுதான் தெரிந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டது. மறுநாளிலிருந்து பதிவு அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர்கூட ஈ ஓட்டினார். அரசு 2016 அக்டோபர் 20ஐ எல்லையாக வைத்து, 2017 மேயில் வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் அதே மாதத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் ஒன்பதாம் பிரிவுதான் தரகருக்கு முதல் முறையாக ஒரு பதிவு எண்ணைக் கொடுத்தது. பதியாமல் தொழில் செய்தால் நாளுக்கு 10,000 ரூபாய் வரை, மொத்தத்தில் மனை விலையில் ஐந்து விழுக்காடு வரை அபராதம்.

நல்ல சட்டம்தான். ஆனால் அது நிற்கிற இடத்தைக் கவனியுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கும், எட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீட்டுக்கும், அவற்றை விற்கும் முகவருக்கும்தான் அது. ஒரு விவசாயி இன்னொரு விவசாயிக்கு மூன்று ஏக்கர் புஞ்சை விற்றால் நடுவில் நிற்பவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டார். நில எடுப்புக்கு விலை போடும் பட்டியலில் எடை அதிகம் அந்தப் புஞ்சைப் பத்திரத்துக்குத்தான். மனைப்பிரிவுப் பத்திரத்தைக் காட்டினால், "அது சின்ன மனை, சாலை போட்டு விற்றது" என்று அரசுத் தரப்பு வாதாடும். நீதிமன்றங்களும் வளர்ச்சிச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக, ஒழுங்குக்கு உட்பட்ட பத்திரம் இழப்பீட்டுக்கு அரைகுறைச் சாட்சி. ஒழுங்கே இல்லாத பத்திரம் முழுச் சாட்சி.

2023 ஜூலை 26 அன்று இந்த வட்டாரத்து வளையமாதேவியில் கதிர் வாங்கி நின்ற நெல்வயலில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த நிலம், பணம் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். உழுதுகொண்டிருப்பது நாங்கள்தானே என்றார்கள் விவசாயிகள். உயர் நீதிமன்றம் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. பயிருக்கு விலை போட நீதிமன்றத்துக்குச் சில நாட்கள் போதுமானதாக இருந்தது. அதை வயலிலேயே பார்த்துக் கணக்கிடலாம். நிலத்தின் விலைச் சண்டை அப்படியல்ல. அங்கே சாட்சி சொல்வது பத்திரம் ஒன்றுதான்.

என்னிடம் இருப்பது ஒரு சின்ன யோசனை. ஒரு கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தயாரித்த பத்திர எழுத்தர், அவருடைய உரிம எண், இரண்டு சாட்சிகள். விலையை முடித்து வைத்தவர் இல்லை. பல சமயம் அவரே இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் எந்தத் தகுதியில் என்று எழுதமாட்டார். ஒழுங்குமுறைச் சட்டம் பதிவுபெற்ற முகவர் தான் நடத்தி வைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் தன் எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. இதை விவசாய நிலத்துக்கும் நீட்டி, பத்திரத்தில் ஒரு கட்டம் ஒதுக்கலாம்: முகவர் பெயர், எண், பேசி முடித்த தொகை. எழுதிய தொகையும் பேசிய தொகையும் ஒன்றே என்று அவரும் கையெழுத்திட வேண்டும்.

"கையெழுத்திட யார் முன்வருவார்? தரகரே இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள்" என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் சிரித்தார். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் கமிஷன் பாக்கி வைத்த வாங்குபவர் மேல் வழக்குப் போட, கட்டத்தில் பெயர் இருந்தால்தான் முடியும் என்று வைத்துப் பாருங்கள். தரகரே வற்புறுத்திப் பெயரை எழுத வைப்பார். இந்தத் தொழிலில் ஏமாந்தவர்கள் வாங்கியவர்கள் மட்டுமல்லர் என்று சற்று முன் சொன்னேனே, அதை வைத்துத்தான் இந்த நம்பிக்கை. தீர்வை அதிகமாகிறதே என்பார்கள். உண்மைத் தொகையை எழுதும் விவசாய நிலக் கிரயத்துக்குத் தீர்வையைப் பாதியாக்கினாலும் அரசுக்கு நட்டம் வராது. இப்போது வருவதே மூன்றில் ஒரு பங்குத் தொகையின் மேல்தான். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. குறிஞ்சிப்பாடி, புவனகிரி, விருத்தாசலம் வட்டங்களில், சுரங்கத்துக்கு நிலம் கேட்கப்படும் கிராமங்களில் முதலில் செய்து பார்க்கலாம். மூன்று வருடம் போதும். 26ஆம் பிரிவு கேட்பதும் மூன்று வருடப் பத்திரங்களைத்தான்.

உங்களில் யாராவது பத்திரங்களைக் கையோடு கொண்டு வந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பார்க்கலாம்.